வியாசர்பாடியில் உட்கார்ந்து பைபிள் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வியாசர்பாடியில் ஒரு மாடி போர்ஷனில் பன்னிரண்டு, பதினைந்து பேர் கூடி பைபிள் படிக்கிறோம். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்த கூட்டம். வீட்டு வேலை செய்கிற அக்காக்கள், ஒரு கொத்தனார், தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கல்லூரிப் பிள்ளைகள். நீதி, விடுதலை என்ற கண்ணோடு வேதத்தைப் படிக்கிறோம் என்று சொன்னதும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பதில்களை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

பைபிளைப் படிக்க ஒரே வழிதானே இருக்கிறது? இது என்ன புது வழி?

ஒரே வழியில் யாருமே படிப்பதில்லை. மத்தேயு 20-ஐ எடுத்துக்கொள்வோம். திராட்சத்தோட்டக்காரர் விடியற்காலையில் கூலிக்கு ஆள் எடுக்கிறார். அப்புறம் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக மாலை ஐந்துக்கும் போய் எடுக்கிறார். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு பணம். இதை வைத்துக் கடவுளின் கிருபையைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருப்போம். அதில் தப்பும் இல்லை.

எங்கள் குழுவில் இதைப் படித்தபோது கொத்தனார் அண்ணன் கேட்டது வேறு: "அஞ்சு மணி வரைக்கும் அங்கயே நின்னானே, மதியம் என்ன சாப்பிட்டான்?" நான் இறையியல் புத்தகங்கள் கொஞ்சம் படித்தவன். எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. காலையில் வேலைக்கு ஆள் நிற்கிற முனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்து மணிக்கு மேல் மேஸ்திரி வரமாட்டார், பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஐந்து வரை நிற்கிறவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாதவன். வயதானவனாக இருக்கலாம், கை கால் சரியில்லாதவனாக இருக்கலாம். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். ஒரு பணம் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. தோட்டக்காரர் மணிக்கணக்கு பார்க்காமல் வீட்டு அடுப்பைப் பார்த்துக் கூலி கொடுத்தார் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது.

இதுதான் வழி. நாம் எங்கே உட்கார்ந்து படிக்கிறோமோ, அதற்கேற்றபடி வசனத்தில் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. எழுத்து மாறுவதில்லை.

பைபிளுக்குள் அரசியலை நுழைக்கிறீர்களே?

நுழைக்க வேண்டியதே இல்லை. வெளியே எடுக்கத்தான் சிலர் சிரமப்பட்டிருக்கிறார்கள். 1807-இல் லண்டனில், கரீபியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த கறுப்பின அடிமைகளுக்கென்று ஒரு பைபிளை அச்சிட்டார்கள். அதில் யோசேப்பின் கதை உண்டு. மோசே ஜனங்களை எகிப்திலிருந்து வெளியே கூட்டிவரும் பகுதி கிடையாது. "வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" உண்டு. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்கிற கலாத்தியர் 3:28 கிடையாது. பைபிளில் அரசியல் இல்லை என்று அவர்கள் நம்பியிருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருக்க மாட்டார்கள்.

யார் தொடங்கியது இதை? வெளிநாட்டுச் சரக்கா?

விடுதலை இறையியல் என்ற பெயர் வெளியிலிருந்து வந்ததுதான். 1968-இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடி, எங்கள் நாடுகளின் வறுமை தற்செயல் இல்லை, அநீதியால் வந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 1971-இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியெரெஸ் விடுதலை இறையியலைப் புத்தகமாக எழுதினார். எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். 2018-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1969-லேயே கறுப்பர் இறையியலை எழுதிவிட்டார்.

நம் ஊருக்கு வந்தால் கதை வேறு. லத்தீன் அமெரிக்கப் புத்தகங்களில் ஏழை உண்டு, சாதி இல்லை. 1981-இல் பெங்களூரில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் இதை ஓர் உரையில் எடுத்து வைத்தார். பின்னால் நம் கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்று ஒரு துறையே அவர் தலைமையில் உருவானது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்.

ஏழை என்று மட்டும் சொன்னால் போதாதா, சாதி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் லத்தீன் அமெரிக்காவைச் சொல்வதில்லை, புளியந்தோப்பைச் சொல்கிறேன். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் நம் பக்கத்தில்தான் பிறந்தது. பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தம் சாதி வழியாக இரண்டாகப் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில், ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்கள்தான் இரண்டு பக்கமும்.

இது மார்க்சியம்தானே? போப்பாண்டவரே கண்டித்தாரே?

1984-இல் ரோமிலுள்ள விசுவாசக் கோட்பாட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அறிவுரை வந்தது உண்மை. மார்க்சியக் கருத்துகளை யோசிக்காமல் எடுத்துக்கொள்வதை அது கடுமையாகக் கண்டித்தது. 1986-இல் அதே அலுவலகத்திலிருந்து வந்த இரண்டாவது அறிவுரை, விடுதலை கிறிஸ்தவத்துக்கு அடிப்படையானது என்று பேசியது. முதலாவதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இரண்டாவதையும் அனுப்பினால் நன்றாக இருக்கும். எங்கள் குழுவில் மார்க்ஸைப் படித்தவர் ஒருவர் இருக்கிறார், அந்த ஐ.சி.எஃப். பெரியவர். ஆனால் கூலியைப் பிடித்து வைப்பவனைப் பற்றி மார்க்ஸ் சொன்னதைவிட யாக்கோபு 5:4 சூடாக இருக்கிறது என்பார். அறுத்தவனின் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது அந்த வசனம்.

ஒரு பகுதியை எப்படிப் படிப்பீர்கள்? ஓர் உதாரணம்?

யாத்திராகமம் 5. நாங்கள் மூன்று சனிக்கிழமை இதிலேயே உட்கார்ந்திருந்தோம்.

இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகள். அவர்களுக்காக மோசேயும் ஆரோனும் எகிப்து ராஜா பார்வோனிடம் முதலில் கேட்டது என்ன? மூன்று நாள் பிரயாணம் போய்க் கடவுளுக்குப் பலியிட வேண்டும். அவ்வளவுதான். மூன்று நாள் லீவு கேட்டார்கள் என்று வீட்டு வேலை செய்கிற அக்கா ஒருவர் ஒரே வார்த்தையில் முடித்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கேட்டு வேலையே போனவர் அவர்.

பார்வோன் என்ன செய்தான்? செங்கல் அறுக்கக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்தினான். வைக்கோலை நீங்களே போய்ப் பொறுக்குங்கள், ஆனால் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றான். காரணமும் சொன்னான்: "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், சோம்பலாயிருக்கிறீர்கள்." வேதத்திலேயே இரண்டு முறை இருக்கிறது. இந்த இடத்தில் தூய்மைப் பணி செய்கிற தங்கை சிரித்துவிட்டார். ஆளைக் குறைத்தார்கள், தெருவைக் குறைக்கவில்லை. கையுறை கேட்டால் போன மாதம்தானே கொடுத்தோம் என்பார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே 13 நாள் உட்கார்ந்தார்களே, அதற்குப் பிறகு யாத்திராகமம் 5-ஐ நாங்கள் பழைய கதையாகப் படிக்க முடியவில்லை.

இன்னொன்று. பழைய மொழிபெயர்ப்பில் வேலை வாங்குகிறவர்களுக்கு ஓர் அருமையான சொல் இருக்கிறது: ஆளோட்டி. மாடு ஓட்டுவதுபோல ஆளை ஓட்டுகிறவன். ஆளோட்டிகளுக்குக் கீழே இஸ்ரவேலரிலிருந்தே தலைவர்களை வைத்திருக்கிறார்கள். கணக்குக் குறைந்தால் அடி விழுவது அந்தத் தலைவர்களுக்கு. அவர்கள் பார்வோனிடம் போய்க் கெஞ்சி, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, யார்மேல் பாய்கிறார்கள்? மோசேமேல். எங்களைக் கொல்ல அவர்கள் கையில் பட்டயத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்கிறார்கள். "நம்ம ஆளு மேஸ்திரி ஆனா அவனுக்கும் அடிதான், ஆனா அவன் திட்டுறது நம்மள" என்றார் கொத்தனார் அண்ணன். அவருக்குச் செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைகள் பழக்கம். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்களையும், அந்த முன்பணம் தீராததையும் அவர் பார்த்திருக்கிறார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது.

கடன் தீர விசேஷ ஜெபம் நடத்துவீர்களா?

இப்படி நோட்டீஸ் ஒட்டாத சுவர் வடசென்னையில் இல்லை, அதனால் கேட்கிறார்கள். ஜெபிக்கிறோம். ஆனால் கூடவே நெகேமியா 5-ஐயும் படிக்கிறோம். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஜனங்கள் முறையிடுகிறார்கள்: பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தோம், ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கிறோம், கடன் கொடுத்தவர்கள் நம் சொந்தச் சகோதரர்கள். ஆளுநராயிருந்த நெகேமியா கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு உபவாச ஜெபம் வைக்கவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, நிலத்தையும் வீட்டையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்றான். அந்த வட்டி நூற்றுக்கு ஒன்று. மாதத்துக்கு என்றுதான் பலர் பொருள் கொள்கிறார்கள். நம் பாஷையில் ஒரு பைசா வட்டி. இங்கே மார்க்கெட்டில் காலையில் வாங்கி ராத்திரி திருப்பிக் கொடுக்கிற பணத்தின் வட்டியைக் கணக்குப் போட்டால் நெகேமியாவுக்கே தலை சுற்றும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது.

கர்த்தருடைய ஜெபத்தில் மத்தேயு எழுதியது "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடன்தான். கோயிலில் சொல்லும்போது அது குற்றம், பாவம் என்று மாறிவிடுகிறது. தண்டல்காரர் வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்தி வைக்கிற வீட்டில், அந்த வரியைச் சொல்லும்போது என்ன நினைவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று அதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. எங்கள் குழுவில் சிறிய அளவில் வட்டிக்கு விடுகிற ஒருவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார், அது எனக்குச் சந்தோஷம்.

"மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படி" என்று பவுல் எழுதியிருக்கிறாரே? அதைத் தாண்டிப் போய்விடுவீர்களா?

தாண்டினால் 1807 லண்டன்காரர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. ரோமர் 13 இருக்கிறது. ரோமாபுரியில் சின்னஞ்சிறு சபை ஒன்றுக்கு, வரி கட்டுவதையும் சேர்த்துப் பேசுகிற கடிதம் அது. எழுதியவரே பல முறை சிறையில் கிடந்தவர். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுரு சொன்னதும் அதே பைபிளில்தான், அப்போஸ்தலர் 5:29. அடிமைகள் கீழ்ப்படியட்டும் என்ற வசனங்களை என்னால் இனிப்பாக்க முடியாது. அவை கசப்பானவை. அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்பதே பலருக்குப் பெரிய நிம்மதி.

எகிப்திலிருந்து வந்தவர்கள் கானானியரைத் துரத்தினார்களே, அது என்ன விடுதலை?

இந்த வாசிப்பின் மிகப் பலவீனமான இடம் இதுதான். கூக்குரலைக் கேட்டேன் என்று கடவுள் சொல்வது யாத்திராகமம் 3:7. அடுத்த வசனத்திலேயே கானானியர், ஏத்தியர், எமோரியர் குடியிருக்கிற இடத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்கிறார். அமெரிக்காவின் ஒசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989-இல் இதைக் கேட்டார்: நாங்கள் இந்தக் கதையைப் படிக்கும்போது கானானியராகத்தானே இருக்கிறோம்? வெள்ளைக்காரர்கள் வாக்குத்தத்த தேசம் என்று சொல்லிக்கொண்டுதான் அவர்கள் நிலத்துக்கு வந்தார்கள்.

எங்கள் குழுவில் கால்வாய் ஓரத்து வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட சொந்தக்காரர்கள் இல்லாத குடும்பம் குறைவு. கானானைப் பிடித்த கதையைச் சொல்லும் யோசுவா புத்தகத்தை அவர்கள் படிக்கும்போது எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. தேசம் முழுவதும் ஒரே மூச்சில் பிடிபடவில்லை, கானானியர் கூடவே குடியிருந்தார்கள் என்று நியாயாதிபதிகள் 1 சொல்வதைக் காட்டலாம். அகழாய்வும் பல இடங்களில் யோசுவாவின் கதையோடு ஒத்துப்போவதில்லை. ஆனாலும் எழுத்து எழுத்துதான்.

நான் போய் நிற்பது மத்தேயு 15-இல். அங்கே ஒரு கானானியப் பெண் மகளுக்காக இயேசுவிடமே வாதாடுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று அவர் சொன்னதற்குப் பதில் சொல்கிறாள், ஜெயிக்கிறாள். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவை வாதத்தில் மடக்கியவர் என்று வேறு யாரையும் எனக்கு நினைவில்லை.

யோசேப்பு நல்லவர்தானே?

ஞாயிறு பள்ளியில் நல்லவர். ஆதியாகமம் 47-ஐயும் படியுங்கள். பஞ்சத்தில் முதலில் பணம், அப்புறம் ஆடுமாடு, அப்புறம் நிலம், கடைசியில் ஆட்களையே தானியத்துக்குப் பதிலாக பார்வோனுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்.

பைபிளில் சாதி இல்லையே, அதை ஏன் இழுக்கிறீர்கள்?

யோவான் 4-இல் கிணற்றடி. யூதரான இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் அதிர்ந்துபோகிறாள். "யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள்" என்று பழைய மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லைப் பாருங்கள், சம்பந்தம். சம்பந்தி, சம்பந்தம் பேசுவது என்று நம் வீடுகளில் எதற்குப் பயன்படுத்துகிறோம்? மூலமொழியில் அந்த இடத்துக்குப் பாத்திரம் பகிர்ந்துகொள்வதில்லை என்றும் பொருள் சொல்வார்கள். அதாவது டம்ளர். இரட்டை டம்ளர் பார்த்த ஊர்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வியாசர்பாடியில் நிறைய. அவர்களுக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டியதே இல்லை.

சபைக்குள் மட்டும் என்ன? 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தென்னிந்தியாவில் அதற்குக் கடும் எதிர்ப்பு. இன்றைக்கும் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயர் அச்சில் வருகிறது. அரசாங்கத்தின் கதையோ தலைகீழ். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தால் சாதி போய்விடும் என்று டெல்லி நம்புகிறது. சபை நம்பவில்லை.

அப்படியானால் ஜெபம், இரட்சிப்பு, பரலோகம்?

எல்லாம் உண்டு. தொடக்கத்தில் ஜெபம், முடிவில் ஜெபம், நடுவில் பாட்டு. இரட்சிப்பு செத்த பிறகு மட்டும் என்று நாங்கள் சொல்வதில்லை.

எங்கள் பாஸ்டருக்குப் பிடிக்காதே?

பிடிக்காமல் போகலாம். எங்களில் ஒருவர் தன் சபையில் சாட்சி சொல்லும்போது யாக்கோபு 5-ஐ வாசித்தார். சபைக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி. மைக் நின்றுபோனது. கரண்ட் போகவில்லை, மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அடுத்த வாரம் அந்தச் சம்பளத்தில் பாதி வந்தது. சபையை விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரையும் நாங்கள் அழைப்பதில்லை. ஞாயிறு ஆராதனை உங்கள் சபையில், சனிக்கிழமை இங்கே. ஆர்.சி. வீடுகளில் ஏற்கெனவே அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இருக்கிறது. அதிலேயே இப்படிப் படிக்கலாம்.

எந்த மொழிபெயர்ப்பு?

பழைய திருப்புதலும் 1995-இல் வந்த திருவிவிலியமும் சேர்ந்து. முதலாவதில் ஆளோட்டி மாதிரிச் சொற்கள் கிடைக்கும், இரண்டாவது சட்டென்று புரியும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. வரலாமா?

வாருங்கள். பௌத்தம் தழுவிய பக்கத்து வீட்டு அண்ணன் அடிக்கடி வருகிறார். எங்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்பது அவர்தான்.

என்ன கொண்டுவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். பெரிய எழுத்து பைபிள் ஒன்று இருக்கிறது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு ஆயாக்கள் இருப்பதால் இரண்டு தடவை வாசிப்போம், இரண்டாவது தடவை மெதுவாக. அதன் பிறகு யாராவது பேசும் வரை நான் வாயைத் திறப்பதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும். தண்ணி லாரி வந்துவிட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் கீழே போய்விடுவோம். பிடித்து முடித்துவிட்டு மேலே வந்து விட்ட வசனத்திலிருந்து தொடருவோம்.